பல்லாவரத்துக் கல்லின் கீழ் ஜாப் சார்னாக்

டல்ஹௌசி சதுக்கம் என்று நம் முன்னோர் வழங்கிய இடம் இன்று பினய்-பாதல்-தினேஷ் பாக் எனப்படுகிறது. ஊரை விட்டுக் கல்கத்தாவுக்கு வந்து, கணக்கெழுதியும் சுருக்கெழுத்தெழுதியும் குடும்பம் காத்த தமிழர் பலருக்கு அச்சதுக்கத்தைச் சூழ்ந்த அலுவலகங்களே படியளந்தன. அங்கிருந்து தெற்கே ஆளுநர் மாளிகையை நோக்கி நடப்பவர், கௌன்சில் ஹவுஸ் தெருவின் ஓரத்தில், மரங்களுக்கிடையே கூர்ங்கோபுரத்துடன் நிற்கும் பழைய தேவாலயம் ஒன்றைக் காண்பர். செயின்ட் ஜான் தேவாலயம் என்பது அதன் பெயர். நம்மவருள் அதன் வாயிலைக் கடந்து சென்றோர் ஆயிரவர். உள்ளே நுழைந்தோர் மிகச் சிலர். அடியேனும் முப்பது ஆண்டுகள் அவ்வாறு கடந்து சென்றவனே. ஓய்வு பெறுவதற்குச் சில நாள்கள் முன்னர், ஒரு நண்பகல் மழைக்கு ஒதுங்குவதற்காகவே அவ்வாயிலுள் முதன்முதலாகப் புகுந்தேன்.

முற்றத்தின் ஒரு மூலையில் எட்டுப் பட்டையாய் எழுந்து, தலையில் குவிமாடம் தாங்கிய வெண்ணிறக் கட்டடம் ஒன்று நின்றது. முதற்பார்வைக்கு அது முகம்மதியப் பெரியவர் ஒருவரின் தர்கா என்றே தோன்றியது. தாழ்ந்த வளைவினூடே நுழைந்தால் உள்ளே அரையிருள். சுவரையொட்டி இலத்தீன் எழுத்துகள் புடைத்து நிற்கும் கருங்கற் பலகை. கல்கத்தா நகரத்தைத் தோற்றுவித்தவர் என்று பள்ளிப் பாடத்தில் நாம் படித்த ஜாப் சார்னாக்கின் கல்லறை அதுவே. ஆயினும் என்னை அங்கே நிறுத்தி வைத்தது அந்தப் பெயரன்று. அந்தக் கல் சென்னையை அடுத்த பல்லாவரத்துக் கல் என்று பிறகு அறிந்த செய்தியே. பல்லாவரத்தில் என் அத்தை வீடு இருந்தது. அவ்வூர்க் குன்றின் கற்களில் ஏறி விளையாடி முழங்கால் சிராய்த்துக்கொண்டவன் நான். எங்கோ பிறந்து, எங்கோ வாழ்ந்து, கங்கைக் கரையில் மாண்ட ஓர் ஆங்கிலேயரின் மேல் நம் ஊர்க் கல் எப்படி வந்து படிந்தது என்று தேடப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை.

1630ஆம் ஆண்டையொட்டி இலண்டனில் பிறந்தவர் சார்னாக். தந்தையார் பெயர் ரிச்சர்டு. இளமைப் பருவத்தைப் பற்றி எஞ்சியுள்ள செய்திகள் நாலைந்து வரிகளுள் அடங்கிவிடும். 1650களின் இடையில் கிழக்கிந்தியக் கும்பினியின் ஊழியராக இந்தியா வந்தார். 1658ஆம் ஆண்டின் தொடக்கத்தில் காசிம்பஜார் பண்டகசாலையின் இளைய அலுவலராக, ஆண்டுக்கு 20 பவுன் ஊதியத்தில் அவர் பெயர் கும்பினிப் பதிவேட்டில் காணப்படுகிறது. அங்கிருந்து பாட்னாவுக்கு மாற்றப்பட்டார். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் தாய்நாடு திரும்ப எண்ணியவர், பாட்னாவின் தலைமைப் பதவி கிட்டவே, 1664ஆம் ஆண்டு தங்கிவிட இசைந்தார். அப்படித் தங்கியவர் பின்னர் ஒருமுறையேனும் இங்கிலாந்தைக் கண்டாரில்லை. நம்மில் எத்தனை பேர் இரண்டே ஆண்டு என்று சொல்லிக்கொண்டு ஹௌரா நிலையத்தில் இறங்கியவர்கள்!

பாட்னாவில் அவர் செய்த வாணிகம் வெடியுப்பு வாணிகம். பீகாரின் பழைய குடியிருப்புகளிலும் மாட்டுத் தொழுவங்களிலும் மண்ணில் பூக்கும் உப்பை நூனியர் என்னும் வகுப்பார் சுரண்டியெடுத்து, நீரில் கரைத்து வடித்துக் காய்ச்சித் தருவர். அது படகுகளில் கங்கை வழியே ஹூக்ளிக்கு இறங்கி, கப்பலேறி, ஐரோப்பாவின் பீரங்கிகளுக்கு வெடிமருந்தாகும். இலண்டனில் இருந்த இயக்குநர்களுக்குப் பட்டைவிட இவ்வுப்பு இன்றியமையாதது. அதனைக் குறையாமல் ஆண்டுதோறும் அனுப்பியவர் சார்னாக். கையூட்டிலும் தன் வாணிகத்திலும் மூழ்கிய ஊழியர் நிறைந்த அந்நாளில், அவரை இயக்குநர்கள் கடைசிவரை நம்பியதற்கு இதுவே காரணம். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வடநாட்டு ஆற்றங்கரையில் தம் இனத்தார் மிகச் சிலரோடு கழித்தமையால், அவர் இந்நாட்டு மொழியிலும் வழக்கத்திலும் ஊறிவிட்டார்.

அங்கேதான் அவர் இந்து மங்கை ஒருத்தியை வாழ்க்கைத் துணையாகக் கொண்டார். இவ்வம்மையாரைப் பற்றி இரண்டு கதைகள் உண்டு. கணவனின் சிதையில் உடன்கட்டை ஏற இருந்த இளம்பெண்ணின் அழகைக் கண்டு, சார்னாக் தம் காவலரை ஏவி அவளை மீட்டார் என்பது ஒன்று. அலெக்சாண்டர் ஹாமில்டன் என்னும் கப்பல் தலைவர் 1727இல் வெளியிட்ட நூலால் பரவிய கதை அது. மற்றொன்றைச் சார்னாக்கின் பகைவரான வில்லியம் ஹெட்ஜஸ் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். கணவனை விட்டு நகையும் பணமும் எடுத்துக்கொண்டு வந்த பெண் அவள் என்றும், முறையீடு நவாபிடம் போனதால் சார்னாக் பொருள் கொடுத்துத் தப்பினார் என்றும் அக்குறிப்பு கூறும். முதற்கதை காவியச் சுவைக்காகக் கூட்டிச் சொன்னது. இரண்டாவது காழ்ப்பால் எழுதியது. இரண்டையும் ஒதுக்கிவிட்டால் எஞ்சும் உண்மை ஒன்று. அவ்விருவரும் பல ஆண்டுகள் இல்லறம் நடத்தினர். மேரி, எலிசபெத், கேதரின் என்னும் மூன்று பெண் மக்களைப் பெற்றனர்.

அம்மையார் இறந்த பின்னர், ஆண்டுதோறும் அவருடைய நினைவு நாளில் கல்லறையில் ஒரு சேவலைச் சார்னாக் பலியிட்டு வந்தார் என்றும் ஹாமில்டன் எழுதினார். கிறித்தவர் புறச்சமயத்தில் வீழ்ந்தார் என்று இகழ்வது அவர் நோக்கம். பீகார்ப் பகுதியில் பஞ்ச பீர் வழிபாட்டில் சேவல் பலி உண்டு என்பதைப் பிற்கால அறிஞர் எடுத்துக்காட்டினர். கருப்பசாமி கோயிலுக்கு நேர்ந்துவிட்ட சேவலைக் கண்டு வளர்ந்த நம்மவருக்கு இதில் இகழ்வதற்கு ஒன்றுமில்லை. கதை மெய்யாயின், இறந்த மனைவியை அவள் நாட்டு முறையிலேயே நினைத்துக்கொண்ட ஒரு கணவரையே நாம் அதில் காண்கிறோம்.

சென்னையோடு அவருக்கு ஏற்பட்ட முதல் தொடர்பு பூசலாகவே அமைந்தது. அந்நாளில் வங்காளத்துப் பண்டகசாலைகள் அனைத்தும் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அடங்கியவை. கோட்டையின் தலைவராயிருந்த ஸ்ட்ரேன்ஷாம் மாஸ்டர், ஒழுங்கையும் ஏட்டுக் கணக்கையும் உயிராக மதித்தவர். பாட்னாவின் சார்னாக்கோ உத்தரவு வந்தவுடன் பெட்டியைக் கட்டும் இயல்பினர் அல்லர். காசிம்பஜார் பதவி பற்றி இருவருக்கும் பிணக்கு முற்றியது. ஆனால் இலண்டன் இயக்குநர்கள் சார்னாக்கின் பக்கமே நின்றனர், மாஸ்டர் பதவியிழந்தார். அவர் தம் காலத்தில் நன்கொடை திரட்டிக் கோட்டைக்குள் எழுப்பிய செயின்ட் மேரி தேவாலயம் 1680 அக்டோபர் 28இல் திறக்கப்பட்டது. மாஸ்டர் எழுப்பிய அதே தேவாலயத்துக்குச் சார்னாக் ஒருநாள் தம் பெண்களை அழைத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. அதனைப் பின்னர்க் காண்போம்.

1681 முதல் காசிம்பஜாரின் தலைவராக இருந்த காலம் அவருக்கு நிம்மதி தரவில்லை. பட்டு நெசவாளரும் தரகரும் தமக்கு வரவேண்டிய தொகைக்காகக் காஜியிடம் வழக்காடினர். 43,000 ரூபாய் தரவேண்டும் எனத் தீர்ப்பாயிற்று. சார்னாக் கொடுக்க மறுத்தார். நவாபின் ஆள்கள் பண்டகசாலையைச் சூழ்ந்தனர். 1686 ஏப்ரலில் அவர் அங்கிருந்து எவ்வாறோ தப்பி ஹூக்ளி சேர்ந்து, வங்காளக் கும்பினியின் தலைமையை ஏற்றார். நெசவாளரின் கோரிக்கை நியாயமற்றது என்று கும்பினிக் குறிப்புகள் சாதிக்கும். நெசவாளர் தரப்பு ஏடு நம் கைக்கு எட்டவில்லை. ஆதலின் அவ்வழக்கில் சார்னாக்கின் பக்கம் சாய நமக்குத் துணிவில்லை.

அவ்வாண்டு அக்டோபர் 28ஆம் நாள் ஹூக்ளிக் கடைத்தெருவில் ஆங்கிலச் சிப்பாய்கள் மூவர் அடிபட்டனர். அதைத் தொட்டு மூண்ட சண்டையில் நகரின் ஒரு பகுதி எரிந்தது. நவாப் சாயிஸ்தா கானின் பெரும்படை வரும் என்பதை உணர்ந்த சார்னாக், டிசம்பர் 20இல் ஆள்களையும் பண்டங்களையும் கப்பலேற்றி, ஆற்றோடு இறங்கி, கீழ்க்கரையில் சூதாநுட்டி என்னும் சிற்றூரில் தங்கினார். சூதா என்றால் நூல். நூல் விற்கும் சந்தையால் பெயர்பெற்ற ஊர் அது. சேட்டுகளும் பசாக்குகளும் அங்கே முன்னரே நூலும் துணியும் விற்று வந்தனர். அதற்குத் தெற்கே கலிகாதா, அதற்கும் தெற்கே கோவிந்தபூர். இம்மூன்று ஊர்களும் சேர்ந்ததே பின்னாளைய கல்கத்தா.

அங்கும் இருக்க முடியவில்லை. 1687 பிப்ரவரியில் கடல்முகத்து ஹிஜ்லித் தீவுக்குப் போனார். உப்பங்கழியும் சதுப்பும் கொசுவும் நிறைந்த அத்தீவில் நவாபின் படை வெளியே, காய்ச்சல் உள்ளே. மூன்று மாதத்தில் அவருடைய வீரருள் பெரும்பகுதியினர் புதைகுழி சேர்ந்தனர். கப்பலில் எழுபது பேர் துணைக்கு வந்தபோது சார்னாக் செய்த சூழ்ச்சி ஒன்று பெயர் பெற்றது. வந்தவர்களைக் கொடியும் பறையுமாகக் கோட்டைக்குள் அணிவகுத்து வரச் செய்தார்; ஓரிருவராக மறைவில் துறைக்கு அனுப்பினார்; மீண்டும் அதே ஆரவாரத்துடன் அணிவகுக்க வைத்தார். புதுப்படை வந்துகொண்டேயிருக்கிறது என்று எண்ணிய எதிரித் தளபதி அப்துஸ் சமத் ஜூன் மாதத்தில் சமாதானம் பேசினார். சிறிது காலம் உலுபேரியாவில் தங்கியபின், ஆண்டின் இறுதியில் மீண்டும் சூதாநுட்டிக்கே வந்து குடிசை கட்டினார் சார்னாக். இது இரண்டாம் முறை.

ஆனால் 1688இல் இலண்டனிலிருந்து வந்த கப்பல் தலைவர் வில்லியம் ஹீத் அவருடைய சொல்லைச் செவிமடுக்கவில்லை. நவம்பரில் எல்லாரையும் கப்பலேற்றிக்கொண்டு போய், பாலசோரைக் கொள்ளையிட்டு, சட்டகாமின் முன் வீணே நின்று, கடைசியில் 1689 மார்ச்சில் சென்னைத் துறையில் கொண்டுவந்து சேர்த்தார். முப்பது ஆண்டு வங்காளத்தில் உழைத்த கிழவர், கையில் ஒன்றுமின்றிச் சென்னைக் கடற்கரையில் இறங்கினார்.

சென்னையில் அவர் இருந்தது ஓராண்டும் சில மாதங்களும். கோட்டையின் தலைவர் அப்பொழுது எலிஹு யேல். பின்னாளில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று தாங்கி நிற்கும் பெயர் அவருடையதே. கோட்டையாருக்கு இவ்விருந்தாளி வேண்டாத சுமையாகவே இருந்தார். அக்காலத்தில், 1689 ஆகஸ்டு 19ஆம் நாள், செயின்ட் மேரி தேவாலயத்தில் சார்னாக்கின் மூன்று பெண்களுக்கும் திருமுழுக்கு நடந்தது. கைக்குழந்தைகளுக்குச் செய்யும் சடங்கைப் பாட்னாவில் செய்விக்கக் குருமார் இருந்திலர். செய்விக்கத் தந்தைக்கும் அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை. வீடிழந்து, வேலை இன்னதென்று அறியாது, அறுபதை எட்டும் வயதில், தமக்குப்பின் தம் மக்கள் எவரைச் சேர்ந்தவர் எனப்படுவர் என்ற கவலை அவருக்குச் சென்னையில்தான் வந்தது போலும்.

இதற்கிடையே ஔரங்கசீப் கும்பினியை மன்னித்தார். வங்காளத்தின் புதிய நவாப் இப்ராஹிம் கான் சார்னாக்கை மீண்டும் வருமாறு அழைத்தார். 1690 ஆகஸ்டு 24ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், ஏறத்தாழ முப்பது சிப்பாய்களோடு அவர் மூன்றாம் முறையாகச் சூதாநுட்டியில் இறங்கினார். இரவு பகலாகக் கொட்டும் மழை. முன்னர் கட்டிய குடிசைகள் அழிந்துபோயிருந்தன. ஆள்கள் படகுகளிலேயே தங்க நேர்ந்தது. பின்னாளில் நகரத்தின் பிறந்தநாள் என்று பலர் கொண்டாடிய நாள் இவ்வாறு ஈரத்திலேயே கழிந்தது.

ஹூக்ளிக்குத் திரும்பாமல் இந்தச் சதுப்பை அவர் ஏன் பற்றிக்கொண்டார்? நிழல் தரும் பெருமரம் ஒன்றின் அடியில் உட்கார்ந்து புகைபிடிக்க அவருக்குப் பிடித்திருந்தது என்று ஹாமில்டன் ஏளனம் செய்தார். மரத்தைப் பார்த்து நகரம் அமைப்பவர் உண்டோ? மேற்கே ஆழமான ஆறு. கடற்கப்பல் கரைவரை வரும். கிழக்கே உப்பு ஏரியும் சேறும். பகைவரின் குதிரைப்படை நெருங்காது. பக்கத்திலேயே நூற்சந்தை. நவாபின் ஃபௌஜ்தார் இருக்கும் ஹூக்ளியோ அக்கரையில், தொலைவில். மூன்று முறை துரத்தப்பட்டவருக்கே இக்கணக்கு விளங்கும். 1691இல் ஆண்டுக்கு 3,000 ரூபாய் செலுத்திச் சுங்கமின்றி வாணிகம் செய்யும் ஆணையும் கிட்டியது.

அதன்பின் அவர் நெடுநாள் வாழவில்லை. ஜனவரி 10ஆம் நாள் இறந்தார். கல்வெட்டில் 1692 என்ற ஆண்டு காணப்படும். ஆங்கிலேயருக்கு அப்பொழுது மார்ச் 25இல்தான் புத்தாண்டு பிறந்தது ஆதலின், நம் கணக்கில் அது 1693. அவர் விட்டுச்சென்ற நகரம் எப்படி இருந்தது? மாளிகை இல்லை, கோட்டை இல்லை, தேவாலயமும் இல்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் மேற்பார்வைக்கு வந்த சர் ஜான் கோல்ட்ஸ்பரோ, அவரவர் நினைத்த இடத்தில் குடிசை போட்டிருப்பதையும், குளம் தோண்டியிருப்பதையும், அலுவலகம் ஒழுங்கின்றிக் கிடப்பதையும் கண்டு சார்னாக்கைக் கடிந்து எழுதினார். கடைசிக் காலத்தில் அவர் சோம்பலும் முன்கோபமும் மிக்கவராயிருந்தார் என்பது பலர் சொல்வது. கீழ்ப்பட்டவரைக் கசையால் அடிப்பித்தார் என்ற பழியும் உண்டு. கோல்ட்ஸ்பரோவும் மூன்று மாதத்தில் அதே மண்ணில் மாண்டார்.

மூத்த மகள் மேரியை மணந்த சார்ல்ஸ் ஐயர் அடுத்துத் தலைமைக்கு வந்தார். 1695ஆம் ஆண்டையொட்டி மாமனாருக்கு இவ்வெட்டுப்பட்டை மாடத்தை எழுப்பியவர் அவரே. ஆங்கிலேயர் கல்கத்தாவில் கட்டியவற்றுள் இன்று நிற்பவற்றில் இதனினும் பழையது காண்பது அரிது. மூன்று ஊர்களின் உரிமையைச் சாவர்ண ராய் சௌதுரி குடும்பத்தாரிடமிருந்து 1,300 ரூபாய்க்கு 1698 நவம்பரில் கும்பினி பெற்றதும் ஐயர் காலத்திலேயே. ஆக, ஊருக்குப் பத்திரம் எழுதும் முன்பே ஊரில் கல்லறை எழும்பிவிட்டது.

இனி அந்தக் கல்லின் கதை. வங்காளம் ஆறு கொணர்ந்த வண்டல் நாடு. எவ்வளவு தோண்டினாலும் மண்ணும் மணலுமே வரும். கல்லறைக்கு ஒரு கல் வேண்டுமானால் கப்பலில்தான் வரவேண்டும். சென்னையிலோ பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் கருநீலமாய் ஒளிரும் கடுங்கல் மலிந்திருந்தது. அதில் எழுத்தைப் புடைப்பாகச் செதுக்கவல்ல சிற்பிகளும் இருந்தனர். அங்கிருந்து கல் வந்தது. சார்னாக், தமதல்லாத நாட்டில் நெடுங்காலம் அலைந்தபின் என்றுமுள்ள தம் வீட்டிற்குத் திரும்பினார் என்னும் கருத்தில் இலத்தீன் வாசகம் அமைந்திருக்கிறது. அதே கல்லின் கீழ்ப்பாதியில் 1697 பிப்ரவரியில் இறந்த மேரியின் பெயர். இளையவள் கேதரினுக்கும் உள்ளே ஒரு கல் உண்டு. பெற்ற தாய்க்கு மட்டும் எழுத்தில்லை. அவர் உடலும் இங்கேயே அடங்கியிருக்கிறது என்று செவிவழிச் செய்தி சொல்லும்.

மாடத்தைச் சூழ்ந்த நிலம் 1767 வரை ஆங்கிலேயரின் இடுகாடாயிருந்தது; அதன்பின் பார்க் தெருவில் புதிய இடுகாடு திறக்கப்பட்டது. 1757இல் இறந்த கடற்படைத் தலைவர் வாட்சனும் இங்கே உறங்குகிறார். சென்னையிலிருந்து கிளைவோடு கப்பலேறி வந்து கல்கத்தாவை மீட்டவர் அவர். டில்லியில் பரூக் சியரின் நோயைத் தீர்த்துக் கும்பினிக்கு 1717ஆம் ஆண்டின் பெரும் ஆணை கிட்டத் துணைநின்ற மருத்துவர் வில்லியம் ஹாமில்டனின் கல்லும் சார்னாக்கின் மாடத்துள்ளேயே இருக்கிறது. அதில் பாரசீக எழுத்தும் உண்டு.

நகரின் முதல் தேவாலயமான செயின்ட் ஆன் 1709இல் எழுந்து, 1756இல் சிராஜ் உத்தௌலாவின் முற்றுகையில் அழிந்தது. பின்னர் முப்பது ஆண்டு நகருக்குத் தக்க தேவாலயம் இல்லை. பாதிரியார் வில்லியம் ஜான்சன் முனைந்து பணம் திரட்டினார். பரிசுச்சீட்டு நடத்தியும் பணம் சேர்த்தனர். இடுகாட்டை அடுத்த பழைய வெடிமருந்துக் கிடங்கு மனையை வழங்கியவர் சோபாபஜார் மகாராஜா நவகிருஷ்ண தேவ் என்னும் இந்துப் பெருமகனார். 1784 ஏப்ரல் 6இல் கால்கோள் நடந்தது. ஜேம்ஸ் ஆக் என்னும் படைப் பொறியாளர், இலண்டனின் செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தை மாதிரியாகக் கொண்டு கட்டினார். கல்லில்லாத நாட்டில் கல்லுக்கு என் செய்தனர்? பாழடைந்த கௌர் நகரத்தின் இடிபாடுகளிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்தனர். ஆகவே ஊர்மக்கள் இதனைப் பாதுரே கிர்ஜா, அதாவது கற்கோயில், என்றே அழைத்தனர். 1787 ஜூன் 24இல் திறப்பு விழா. 1847இல் செயின்ட் பால் பேராலயம் எழும்வரை இதுவே ஆங்கிலத் திருச்சபையின் தலைமைக் கோயிலாகவும் விளங்கியது.

பாதிரியார் ஜான்சனின் மனைவியைப் பற்றி ஒரு சொல் சொல்லாமற் போனால் நம் பெண்மக்கள் பொறுக்கமாட்டார்கள். கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையின் ஆளுநர் எட்வர்டு குரோக்கின் மகள் அவர், 1725இல் பிறந்தவர். பாதிரியார் அவருக்கு நான்காம் கணவர். பாதிரியார் தாயகம் திரும்ப விரும்பியபோது, அம்மையார் உடன் செல்ல மறுத்து, பொருள் கொடுத்து அவரை அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் கல்கத்தாவிலேயே இருந்துவிட்டார். பேகம் ஜான்சன் என்று ஊரே அழைத்தது. இங்கிலாந்தின் தலைமை அமைச்சராயிருந்த லிவர்ப்பூல் பிரபுவுக்குப் பாட்டியார். இடுகாடு மூடப்பட்டு நெடுநாளாகியும், இம்முற்றத்தில் இடம் வேண்டும் என்று வெல்லெஸ்லியிடம் முன்னரே வாக்குப் பெற்றிருந்தார். 1812இல் பெருஞ்சிறப்போடு இங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

1802ஐயொட்டி, சிதைந்த கல்லறைகளை இடித்துச் சமப்படுத்தி, பெயர் எழுதிய கற்களைச் சார்னாக் மாடத்தைச் சுற்றித் தரையில் பதித்துவிட்டனர். ஆகவே அங்கே நடப்பவர் இறந்தோரின் பெயர்கள்மீதே நடக்கிறார். சென்னையிலும் இதுவே நடந்தது. 1758-59இல் பிரெஞ்சுக்காரர் முற்றுகையிட்டபோது பழைய இடுகாட்டுச் சமாதிகளின் மறைவிலிருந்து சுட்டனர் என்பதால், பின்னர் அவற்றை இடித்துக் கற்களைச் செயின்ட் மேரி தேவாலய முற்றத்தில் பாவினர்.

1892ஆம் ஆண்டு நவம்பரில், இக்கோயிலின் வரலாற்றை ஆராய்ந்த ஹைடு பாதிரியார், மாடத்தின் உள்ளே கல்லறையைத் தோண்டிப் பார்த்தார். மனித எலும்புகள் தென்பட்டதும் மேலே கலைக்காமல் மூடிவிட்டார். அச்சமயம் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து அக்கல்லின் இயல்பை ஆராய்ந்தார். இத்தகைய பாறைக்கு அதுவரை தனிப்பெயர் இல்லை. சென்னைப் பகுதியில் தாம் கண்ட பாறையும் இதுவும் ஒன்றே எனக் கண்டு, 1893இல் அதற்குச் சார்னாக்கைட் என்று பெயரிட்டார். சேலத்து மலைகளும் நீலகிரியும் பெரும்பாலும் இவ்வினப் பாறையால் ஆனவையே. உலகின் பல கண்டங்களில் இப்பாறை உண்டு. எங்கே கண்டாலும் அறிஞர் இப்பெயரையே வழங்குகின்றனர். ஹூக்ளியிலும் ஹிஜ்லியிலும் நில்லாமல் ஓடிய மனிதரின் பெயர், அசையாத மலைக்குச் சேர்ந்தது வேடிக்கைதான். உளிபிடித்து அக்கல்லைச் செதுக்கிய பல்லாவரத்துச் சிற்பியின் பெயரைக் கேட்பார் இல்லை.

நகரின் பெயரோ வேறு திசையில் சென்றது. 2001இல் கல்கத்தா கொல்கத்தாவாயிற்று. அவ்வாண்டே சாவர்ண ராய் சௌதுரி குடும்பத்தார் உயர்நீதிமன்றத்தை அணுகினர். அறிஞர் குழுவின் ஆய்வுரையை ஏற்று, 2003 மே 16இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது: சார்னாக் இந்நகரை நிறுவியவர் அல்லர், ஆகஸ்டு 24 நகரின் பிறந்தநாளும் அன்று. என் சிற்றறிவுக்கு இத்தீர்ப்பு சரியென்றே படுகிறது. அக்பர் காலத்து ஏடான அயினி அக்பரியிலேயே கலிகாதா பெயர் உண்டு. நூல் விற்றவரும் மீன் பிடித்தவரும் காளியைத் தொழுதவரும் அங்கே முன்பே வாழ்ந்தனர். ஏற்கெனவே மக்கள் வாழ்ந்த ஊரில் மூன்றாம் முறை வந்திறங்கி, இனிப் போவதில்லை என்று உட்கார்ந்துவிட்டவர் அவர், அவ்வளவே. அவர் அதற்குமேல் உரிமை கோரியதாகவும் தெரியவில்லை. நிறுவியவர் என்ற பட்டம் பின்வந்தோர் சூட்டியது. கல்லில் செதுக்கிய வாசகம் அவரைப் பிறர் நாட்டில் அலைந்தவர் என்றுதான் சொல்கிறது.

விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள், தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார இரயிலில் பல்லாவரம் தாண்டியதும் ஜன்னலோரம் பார்க்கலாம். வெட்டியெடுத்தது போக எஞ்சிய குன்றுகள் பரங்கிமலை வரை விட்டுவிட்டு வரும். வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறமாய்த் தோன்றினும், உடைத்த முகத்தில் அவை கருநீலம். 1863இல் புரூஸ் ஃபூட் கற்கால மனிதரின் கைக்கோடரியைக் கண்டெடுத்ததும் இப்பல்லாவரத்தில்தான். பரங்கிமலைப் பாறையைப் புவியியல் ஆய்வுத்துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. திரும்பி வந்தபின் ஒரு பிற்பகல் கௌன்சில் ஹவுஸ் தெருவுக்குப் பிள்ளைகளையும் அழைத்துச் செல்க. மாடத்தினுள் வெளிச்சம் குறைவு. கண் பழகச் சிறிது நேரமாகும். பழகியபின் கல்லின் கருநீலம் தெரியும்.